அம்மா அப்பாவுக்கு வீட்டுக்குப் பின்னாடி சின்னதா ஒரு வீடு: கரிசல் மண்ணு, ஈ.பி, பத்திரம்... யோசனை சொல்லுங்க

வைப்பாற்றுக்காரன்:

வணக்கம் மக்களே, ரொம்ப நாளா இங்க படிக்க மட்டும் தான் செய்வேன், இது மொத கேள்வி, கொஞ்சம் நீளமா போயிடுச்சுன்னா மன்னிச்சுக்கோங்க.

சொந்த ஊர் சாத்தூர், நான் இருக்கறது ஒசூர்ல. ஊர்ல அப்பா பேர்ல 11 சென்ட் எடம் இருக்கு, 40 அடி அகலம், 120 அடி நீளம். முன்பக்கம் பழைய வீடு, அதுல அண்ணன் குடும்பமும் அம்மா அப்பாவும் இருக்காங்க. அண்ணன் பிள்ளைங்க ரெண்டும் பத்தாவது பன்னெண்டாவதுன்னு வந்துட்டதால ரூம் பத்தல, அம்மாவுக்கு முட்டி வலி, பாத்ரூம் போக ரெண்டு படி எறங்கி வெளிய போகணும், ராத்திரி நேரத்துல அது பெரிய கஷ்டம். சண்டை சச்சரவுன்னு ஒண்ணும் இல்ல, அப்பாவே தான் சொன்னாரு, "பின்னாடி ரெண்டு ரூமு போட்டுக் குடுங்கடா, நாங்க பாட்டுக்கு இருந்துக்கறோம்"னு.

பின்னாடி ஒரு 55 அடி நீளத்துக்கு காலியா கெடக்கு. ஒரு வேப்பமரம், ரெண்டு தென்னை, ஈசானி மூலைல கெணறு (உப்புத் தண்ணி). 430 சதுரடில ஒரு ஹால், ஒரு பெட்ரூம், அட்டாச்டு பாத்ரூம், முன்னாடி ஒரு திண்ணைன்னு நானே பேப்பர்ல போட்டு வச்சிருக்கேன். அடுப்படி வேணாம், சாப்பாடு முன் வீட்டுல இருந்தே போயிடும்னு அண்ணன் சொல்றாரு. காசு நான் தான் போடறேன், லோன் கொஞ்சம் போட வேண்டியிருக்கும்.

என் சந்தேகம் என்னன்னா, ஒரே எடத்துல ரெண்டாவது வீட்டுக்கு பிளான் அப்ரூவல் தனியா வாங்கணுமா, தனி ஈ.பி கனெக்ஷன் குடுப்பாங்களா, கரிசல் மண்ணுல சின்ன வீடு தானேன்னு சாதா அஸ்திவாரம் போட்டா போதுமா, மேல ஷீட்டா கான்கிரீட்டா. அப்புறம் ஒரு தங்கச்சி இருக்கா, கல்யாணமாகி திருநெல்வேலில இருக்கா, அவகிட்ட கையெழுத்து வாங்கணுமான்னு ஒருத்தரு கேட்டாரு, எனக்கு பதில் தெரியல.

கோவில்பட்டி சைட் இன்ஜினியர்:

அண்ணாச்சி, சாத்தூர்னு சொன்னதுமே மண்ணு தான் மொதல்ல, மத்ததெல்லாம் அப்புறம். உங்க பழைய வீட்டுல போயி ஒண்ணு பாருங்க, ஜன்னல் மூலைல இருந்து சாய்வா மேல ஏறுற விரிசல் இருக்கான்னு. சித்திரை வைகாசில அதுல விரல் நுழையும், கார்த்திகைல பாத்தா மூடிக் கெடக்கும், நம்மாளு உடனே பூசி சுண்ணாம்பு அடிச்சிருவான், மறு சித்திரைல அதே எடத்துல திரும்ப வரும். அது சிமெண்டு கொறையோ கொத்தனார் கொறையோ இல்ல. கரிசல் தண்ணி குடிச்சா உப்பும், காஞ்சா சுருங்கி வெடிக்கும், வீட்டுக்கு நடுவுல ஒரு மாதிரியும் ஓரத்துல ஒரு மாதிரியும் அசையும்.

இதுல சின்ன வீடு தான் ரொம்ப கஷ்டப்படும், இத யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. ரெண்டு மாடி வீடுன்னா அதோட எடையே மண்ண கொஞ்சம் அமுக்கிப் பிடிக்கும், ஒத்தத் தட்டு 430 சதுரடி வீட்ட உப்புற மண்ணு லேசா தூக்கிப் போட்டுரும். அதனால "சின்னது தானே, மூணடிக்கு வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டி கருங்கல்லு கட்டிருவோம்"னு எவனாச்சும் சொன்னா விட்டுருங்க.

மொதல்ல ஒரு குழி தோண்டிப் பாருங்க. நம்ம பக்கம் நெறைய எடத்துல ஆறு ஏழு அடிக்குக் கீழ சுக்கான் (சுண்ணாம்பு கலந்த கெட்டி மண்ணு) வந்துரும், வந்துட்டா ராஜா, அது வரைக்கும் பில்லர் குழி எறக்கி அதுல ஃபுட்டிங் போட்டு மேல தரை மட்டத்துல பிளிந்த் பீம் கட்டிட்டுப் போயிடலாம். பத்தடி போயும் கரிசலாவே இருக்குன்னா அண்டர் ரீம்டு பைல் தான், ஆகர் வச்சு பன்னெண்டு அடி போல தொளை போட்டு அடியில குடம் மாதிரி விரிச்சு கான்கிரீட் ஊத்துறது. ரூர்க்கில இருக்கற மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் இந்த மண்ணுக்குன்னே கொண்டு வந்த மொறை தான் இது. பைல் போடுறதுன்னா ஒண்ணு கவனிங்க, மேல வர்ற பீம் மண்ணுல உக்காரக் கூடாது, பீமுக்கு அடியில மூணு இஞ்சு காலியா இருக்கணும், இல்லேன்னா மண்ணு உப்பி பீமையே மேல தள்ளும், பைல் போட்ட காசு வேஸ்ட்டு.

உள்ள ஃபில்லிங்குக்கு தோண்டுன கரிசலயே திரும்பக் கொட்டுவாங்க, லாரி வாடகை மிச்சம்னு. கூடவே கூடாது, டைல்ஸ் எல்லாம் ரெண்டு வருசத்துல முதுகு தூக்கிரும். கிராவலோ கிரஷர் டஸ்ட்டோ கொட்டி தண்ணி விட்டு திம்ஸு போட்டு இறுக்குங்க. சுத்தி நாலடிக்கு சிமெண்டு தளம் வெளிப்பக்கம் சாய்வா போட்டுருங்க, மழைத் தண்ணி செவுத்தோரம் நிக்கக் கூடாது. குளிக்கற தண்ணிய வாழைக்கு விடணும்னு உங்க அம்மா கேப்பாங்க, விடலாம், ஆனா வாழை வீட்ட விட்டு ஒரு பதினஞ்சு அடியாச்சும் தள்ளி இருக்கட்டும். வேப்பமரமும் அப்படித் தான், அது கோடைல வேர் வழியா மண்ணு ஈரத்த எல்லாம் உறிஞ்சிரும், அந்தப் பக்கச் செவுரு மட்டும் எறங்கும். மரத்த வெட்டச் சொல்லல, வீட்டத் தள்ளி வைங்க.

பழைய வீட்டுச் செவுத்தோட புதுச சேத்துக் கட்டாதீங்க, ரெண்டும் வேற வேற மாதிரி அசையும், சேர்ற எடத்துல கோடு விழுந்துக்கிட்டே இருக்கும். இடைவெளி விட்டு நடுவுல நடந்து போக ஒரு ஷீட்டு மட்டும் எறக்குங்க, அதையும் ஒரு பக்கச் செவுத்துல மட்டும் பிடிங்க.

கெணத்துத் தண்ணி உப்புன்னு சொன்னீங்க, கான்கிரீட்டுக்கும் சரி, தளத்துக்கு தண்ணி கட்டி நிறுத்துறதுக்கும் சரி, அந்தத் தண்ணி வேணாம், உள்ள கம்பி துருப் பிடிச்சு தளம் பொரிஞ்சு விழும். லாரித் தண்ணி வாங்குங்க, இவ்ளோ சின்ன வேலைக்கு அது பெரிய செலவில்ல.

ரேட்டு கேக்கல, இருந்தாலும் சொல்றேன். சதுரடிக்கு 2200, 2500ன்னு எங்க பக்கம் ஓடுது, ஆனா அந்தக் கணக்கு ஆயிரம் சதுரடி வீட்டுக்கு. 430க்கு அதே ரேட்டுல எவனும் முடிக்க மாட்டான், பாத்ரூமு, பிளம்பிங், மெயின் டோரு எல்லாம் பெரிய வீட்டுக்கு ஆகுற அதே செலவு தான இங்கயும். அஸ்திவாரத்தையும் சேத்து பன்னெண்டு பதிமூணு லட்சம் கையில வச்சுக்கிட்டு எறங்குங்க.

மதுரை மீனா:

தம்பி, இன்ஜினியர் அண்ணன் மண்ணப் பத்தி சொல்லிட்டாரு, நான் அடுப்படிய பத்தி சொல்றேன். உங்க அண்ணன் சொல்றத கேக்காதீங்க. அடுப்படி இல்லாம கட்டுனா அது வீடில்ல, மூத்தவங்கள தள்ளி வைக்க ஒரு ரூமு, அவ்ளோ தான்.

எங்க மாமியார் மாமனாருக்கு இதே மாதிரி பின்னாடி போட்டுக் குடுத்தோம், நான் அந்த வீட்டு மருமகள் சைடுல இருந்து பேசறேன்ங்க. சாப்பாடு இங்க இருந்து போகும்னு சொல்றது சுலபம். காலைல நாலரைக்கு எந்திரிச்சு அவங்களுக்கு காப்பி வேணும், நம்ம எந்திரிக்கறது ஆறு மணி. மாமனாருக்கு ராத்திரி கஞ்சி, பிள்ளைங்களுக்கு தோசை. மழை பெஞ்சா தட்டத் தூக்கிட்டு யாரு ஓடுறது. அதுக்கும் மேல, பாக்க வர்ற சொந்தக்காரங்களுக்கு ஒரு டீ போட்டுக் குடுக்க முடியலன்னா வயசானவங்களுக்கு மனசு விட்டுப் போயிரும், வாய் விட்டு சொல்ல மாட்டாங்க. எட்டடிக்கு ஆறடி போதும், நின்னுக்கிட்டே எல்லாம் கைக்கு எட்டணும், மேல லாஃப்டு வேணாம் ஏறி விழுவாங்க, சாமானெல்லாம் இடுப்பு உயரத்துல வர்ற மாதிரி அலமாரி. சமைக்கறதும் சமைக்காததும் அவங்க இஷ்டம். எங்க மாமியார் பாதி நாளு எங்க கிட்ட தான் வாங்கிக்குவாங்க, ஆனா அந்த அடுப்பு இருக்கறது தான் விசயம்.

பாத்ரூமுக்கு தான் காசப் போடணும், ஹால் டைல்ஸுக்கு இல்ல. கதவு வெளிப்பக்கமா தொறக்கணும்ங்க, தயவு செஞ்சு இத கொத்தனார் கிட்ட மொதல்லயே சொல்லிருங்க, கதவு நெலை வச்சதுக்கு அப்புறம் சொன்னா முறைப்பாங்க. உள்ள விழுந்துட்டாங்கன்னா கதவுக்கு முட்டுக் குடுத்த மாதிரி கெடப்பாங்க, உள்பக்கமா தொறக்கற கதவ நம்மளால தள்ள முடியாது. தாழ்ப்பாளும் வெளிய இருந்து காசு வச்சு திருப்பித் தொறக்கற மாதிரி கெடைக்குது, அத வாங்குங்க. கதவு மூணடி அகலம் வேணும், இன்னைக்கு நடக்கறாங்க, நாளைக்கு வாக்கரோ வீல் சேரோ வந்துச்சுன்னா ரெண்டேகால் அடி பாத்ரூம் கதவுல நுழையாது. வெஸ்டர்ன் டாய்லெட்டு கொஞ்சம் உயரமானதா, பதினேழு பதினெட்டு இஞ்சு இருக்கற மாதிரி கேளுங்க, முட்டி வலிக்கு அந்த ரெண்டு இஞ்சு பெரிய வித்தியாசம். பக்கத்துல பிடி கம்பி, அது டவல் கம்பி மாதிரி ஸ்க்ரூவுல நிக்கற சாமான் வேணாம், செவுரு கட்டறப்பவே அந்த எடத்துல கெட்டியா கான்கிரீட் குடுத்து வைக்கச் சொல்லுங்க.

திண்ணை யோசனை ரொம்ப நல்லது, விட்டுராதீங்க. அதுல உக்காந்தா தெரு கேட்டு தெரியணும். எங்க மாமனாரு கட்டிலயே ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கிட்டாரு, யாரு வர்றா போறான்னு பாக்கணுமாம்.

பத்திர ஆபீஸ் பக்கத்து கடை:

தங்கச்சி கையெழுத்து விசயம். எடம் அப்பாவுக்கு எப்படி வந்துச்சு அண்ணே, அதச் சொல்லாம எவனும் பதில் சொல்ல முடியாது.

அவரு சம்பாத்தியத்துல கிரயம் வாங்குனதுன்னா அது அவரு சுயார்ஜித சொத்து, உயிரோட இருக்கற வரைக்கும் அவரு இஷ்டம், வீடு கட்ட யாரு கையெழுத்தும் தேவையில்ல. தாத்தா வழில வந்த பூர்வீகம்னா கதை வேற. 2005 இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் மகளுக்கும் பொறப்பாலயே சம பங்கு, 2005ல அப்பா உயிரோட இருந்தாரா இல்லையாங்கறது கூட தேவையில்லன்னு 2020ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சு. அப்படி எடத்துல நீங்க பன்னெண்டு லட்சத்தப் போட்டா அது மத்த மூணு பேருக்கும் பங்கு இருக்கற மண்ணுல உங்க காசு.

சுயார்ஜிதம்னாலும் ஒண்ணு நெனப்புல வைங்க. அப்பா எதுவும் எழுதி வைக்காம போயிட்டா அம்மா, அண்ணன், நீங்க, தங்கச்சி நாலு பேரும் வாரிசு. "பின் வீடு நான் கட்டுனது"ன்னு வாயால சொன்னா பத்தாது. கொத்தனாருக்கு, சிமெண்டு கடைக்கு எல்லாத்துக்கும் உங்க அக்கவுண்டுல இருந்தே அனுப்புங்க, பில்லு உங்க பேர்ல வாங்குங்க.

பின்பக்க எடத்த மட்டும் உங்க பேருக்கு தான செட்டில்மெண்ட் எழுதறது ஒரு வழி. குடும்பத்துக்குள்ளன்னா முத்திரைத் தீர்வை மதிப்புல 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூவா, பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000, 2023 ஜூலைல ஏத்துனது. ஆனா உங்க எடத்துக்கு நான் அத அவசரமா செய்யச் சொல்ல மாட்டேன். பின்பக்கத்த மட்டும் வெட்டுனா அதுக்கு ரோடு கெடையாது, முன் எடத்து வழியா நடைபாதை உரிமைன்னு பத்திரத்துலயே அடிக்கணக்கு போட்டு எழுதணும், அப்புறம் ரோடு பாக்காத மனைன்னு பிளான் அப்ரூவல்ல இழுப்பாங்க. எடம் ஒண்ணாவே அப்பா பேர்ல இருக்கட்டும், பிளானும் அவரு பேர்லயே போடுங்க, எதிர்காலத்துக்கு ஒரு உயில் எழுதிக்கோங்க. உயிலுக்கு ரெண்டு சாட்சி போதும், ரிஜிஸ்டர் பண்ணணும்னு கட்டாயம் இல்ல, பண்ணிட்டா தைரியம்.

லோன்ல தான் சிக்கல் வரும். எடம் அப்பா பேர்ல இருந்தா பேங்க்ல அவரையும் கூட சேக்கச் சொல்லுவான், எழுபது வயசுக்கு மேலன்னா மூஞ்சியச் சுளிப்பான். சின்னத் தொகைன்னா வேற வழில பொரட்டப் பாருங்க.

செட்டில்மெண்டே எழுதறதா முடிவு பண்ணாலும், "பெத்தவங்கள கடைசி வரைக்கும் பாத்துக்கணும்"ங்கற நிபந்தனை அதுல இருக்கட்டும். 2007 மூத்த குடிமக்கள் சட்டத்துல 23வது பிரிவு அதுக்குத் தான் இருக்கு, பாக்கலன்னா ஆர்.டி.ஓ (வருவாய் கோட்டாட்சியர்) கிட்ட மனு குடுத்து பத்திரத்தையே செல்லாம பண்ணலாம். உங்களச் சொல்லல அண்ணே, நாளைக்கு பத்திரம் யாரு கைல இருக்கும்னு யாருக்குத் தெரியும்.

கொங்கு குமார்:

ஏனுங்க, இத்தன பஞ்சாயத்து எதுக்குங்க. எங்கூர்ப் பக்கம் இப்ப கன்டெய்னர் வீடு, பஃப் பேனல் (நடுவுல ஃபோம் வச்ச தகரப் பலகை) வீடெல்லாம் ரெடிமேடா கொண்டாந்து எறக்கி வச்சிட்டுப் போயிடறாங்க. வானம் தோண்டற வேலை கொறவு, மாசக்கணக்குல மேஸ்திரி பின்னாடி சுத்த வேண்டியதில்ல. வேணாம்னா கழட்டி வேற பக்கம் கொண்டு போயிக்கலாம். தோட்டத்துல எங்க பெரியப்பா ஒண்ணு போட்டுருக்காருங்க, உள்ள பாத்தா ஓட்டல் ரூமாட்டம் இருக்குது.

கோவில்பட்டி சைட் இன்ஜினியர்:

குமார் அண்ணே, உங்க ஊர்க் காத்துக்கு அது சரி. சாத்தூர்ல மே மாச வெயில்ல தகரப் பொட்டிக்குள்ள எழுபது வயசு ஆளுகள உக்கார வைக்கறதுன்னா ஏசி ஓடிக்கிட்டே இருக்கணும். கரெண்டு போனா அவங்க மறுபடி முன் வீட்டுக்கு தான் வருவாங்க, அதுக்கு வீடு எதுக்கு. பேனல் நல்ல தடிமனா போட்டா சமாளிக்கலாம், ஒத்துக்கறேன், ஆனா அப்ப ரேட்டும் செங்கல் வீட்டுக்குப் பக்கத்துல வந்துரும்.

கான்கிரீட் தளமே போடுங்க, மேல தட்டு ஓடு பதிச்சு வெள்ளை கூல் டைல்ஸோ, கொறஞ்சது வருசா வருசம் சுண்ணாம்போ அடிங்க. ஃபில்லர் ஸ்லாபுன்னு ஒண்ணு இருக்கு, கேரளால லாரி பேக்கர்ங்கற ஆர்க்கிடெக்ட் நெறைய போட்டுக் காமிச்சது, தளத்துக்கு நடுவுல பழைய மங்களூர் ஓட்ட வச்சு கான்கிரீட் ஊத்துறது, கான்கிரீட்டும் கொறையும் சூடும் கொஞ்சம் கொறையும். அத செஞ்சு பழகுன கொத்தனார் கெடைச்சா மட்டும் செய்ங்க, புதுசா பழகறவன் கைல குடுக்காதீங்க. வெறும் ஓட்டு வீடு அழகு தான், ஆனா எங்க தெருவுல கொரங்கு வந்துச்சுன்னா பத்து ஓடு காலி, உங்க ஊர்ல எப்படின்னு பாத்துக்கோங்க.

மேக்குப் பக்கம் ஜன்னல் வைக்காதீங்க, அந்தப் பக்கத்துல பாத்ரூமையும் அடுப்படியையும் தள்ளிட்டா பெட்ரூமு சாயங்காலம் வேகாது.

கொங்கு குமார்:

செரிங்க, கொரங்குக்கு எங்ககிட்ட பதில் இல்லீங்க.

ரிட்டயர்டு வயர்மேன்:

ஈ.பி கேட்டிருந்தாப்ல தம்பி. தனி கனெக்ஷன் கெடைக்கும், ஆனா அது தனி வீடுன்னு பாத்தா தெரியணும். தனி வாசல், தனி சமையலறை, ரெண்டு வீட்டு ஒயரிங்கும் ஒண்ணோட ஒண்ணு கலக்காம இருக்கணும். அடுப்படி இல்லாத ரூமுக்குப் போயி ரெண்டாவது மீட்டர் கேட்டா, ஒரே குடும்பம் ரெண்டு சர்வீஸுன்னு எழுதிருவாங்க, ஆய்வுக்கு வர்றப்ப ரெண்டையும் ஒண்ணா சேத்துருவாங்க. அந்தம்மா மேல சொன்ன அடுப்படி இங்கயும் உதவுது பாருங்க.

அதனால வரிசை முக்கியம். பிளான்ல இத தனிக் குடியிருப்பாவே காட்டுங்க, வீடு முடிஞ்சதும் நகராட்சில வரி போட்டு தனிக் கதவு எண் வாங்கிருங்க, அப்புறமா ஆன்லைன்ல கனெக்ஷனுக்கு எழுதிப் போடுங்க. சின்னக் குடியிருப்புக்கு கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட் கேக்க மாட்டாங்க, விலக்கு இருக்கு, யாராச்சும் அதச் சொல்லிக் காசு கேட்டா நம்பாதீங்க.

வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம், அது ரெண்டு வீட்டுக்கும் தனித்தனியா கெடைக்கும். அத விட பெரிய லாபம் 500 யூனிட் கோட்ட தாண்டாம இருக்கறது. முன் வீட்டு மீட்டர்லயே பின் வீட்டு ஏசியும் ஹீட்டரும் ஓடுனா 500 தாண்டிரும், தாண்டிட்டா ரேட்டே வேற கணக்கு, பில்லப் பாத்து உங்க அண்ணனுக்கும் உங்களுக்கும் பேச்சு வரும்.

மீட்டர முன்னாடி கேட்டு பக்கமே வாங்குங்க, ரீடிங் எடுக்க வர்றவரு பின்னாடி வரைக்கும் வர மாட்டாரு. அங்கேர்ந்து பின் வீட்டுக்கு பைப்புக்குள்ள கேபிள் பொதைக்கறது நம்ம செலவு. உள்ள கட்டாயம் ஆர்.சி.சி.பி (கரெண்டு கசிஞ்சா தானா கட் ஆகுற சுவிட்ச்) போடுங்க, எர்த்து தனியா. கட்டிலுக்கு கை எட்டுற தூரத்துல ஒரு லைட் சுவிட்சு, பாத்ரூம் வரைக்கும் ராத்திரி பூரா எரியற சின்ன லைட்டு, முன் வீட்டுல சத்தம் வர்ற மாதிரி ஒரு காலிங் பெல்லு. பெல்லு சுவிட்ச பாத்ரூம்ல தரைல இருந்து ரெண்டடி உயரத்துல ஒண்ணும் வைங்க, விழுந்து கெடக்கற ஆளுக்கு நாலடி உயரம் எட்டாது.

வைப்பாற்றுக்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ வரும்னு எதிர்பாக்கல. எடம் அப்பா 1984ல கிரயம் வாங்குனது, அவரு சம்பாத்தியம் தான். தங்கச்சிகிட்ட நானே போன் பண்ணி சொல்லிட்டேன், கையெழுத்து தேவையில்லன்னாலும் அவளுக்குத் தெரியாம செய்யறது நல்லால்ல. அவ கேட்ட ஒரே கேள்வி, "அம்மாவுக்கு அடுப்படி உண்டா"ன்னு. மீனா அக்கா, நீங்க ஜெயிச்சிட்டீங்க. திண்ணைய கொஞ்சம் கொறச்சு அடுப்படி சேத்தாச்சு.

பழைய வீட்டுல போயி பாக்கச் சொன்னேன், அண்ணன் போட்டோ அனுப்புனாரு, ஜன்னல் மூலைல விரிசல் அப்படியே நீங்க சொன்ன மாதிரி, மேல நாலு தடவ பூசுன அடையாளம். குழி தோண்டறதுக்கு ஆள் சொல்லியிருக்கு.

இன்னும் ரெண்டு சந்தேகம். அப்ரூவலுக்கு இப்ப சுயசான்றுன்னு ஒண்ணு ஆன்லைன்ல உடனே கெடைக்குதாமே, அது எங்களுக்கு ஆகுமா. அப்புறம் செப்டிக் டேங்க் முன் வீட்டுக்கு இடது பக்கத்துல இருக்கு, பின் வீட்டுல இருந்து 60 அடி இருக்கும், அதுலயே சேத்துரலாமா புதுசு போடணுமா. பின்னாடி போட்டா கெணறு பக்கத்துல வருது.

கோவில்பட்டி சைட் இன்ஜினியர்:

சுயசான்று 2024 ஜூலைல வந்தது, 2500 சதுரடிக்குள்ள இருக்கற மனைக்கு, 3500 சதுரடி வரைக்கும் கட்டடத்துக்கு. உங்க மனை 4800, அதனால ஆகாது, வழக்கமான வழில தான் போகணும், அதுவும் இப்ப ஆன்லைன் தான். சாத்தூர் நகராட்சிங்கறதால அங்கயே முடிஞ்சிரும். பதிவு பெற்ற இன்ஜினியர் ஒருத்தரு பிளான் போட்டு ஏத்திருவாரு. எஃப்.எஸ்.ஐ (மனை அளவுல எத்தன மடங்கு கட்டலாம்ங்கற கணக்கு) 2ங்கறப்ப உங்களுக்கு 9600 சதுரடி வரைக்கும் கட்ட உரிமை, அது பிரச்சனையே இல்ல. பாக்க வேண்டியது பின்னாடியும் சைடுலயும் விடற காலி எடம், ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல விடற எடம். காம்பவுண்ட ஒட்டிக் கட்டிரலாம்னு மேஸ்திரி சொல்லுவாரு, கேக்காதீங்க. பழைய வீட்டுக்கு பிளான் இருந்தா அதையும் தேடி எடுத்து வைங்க, புது பிளான்ல பழைய வீட்டையும் காட்டணும். மழைநீர் சேகரிப்பும் வரைபடத்துல இருக்கணும், அது 2003ல இருந்தே கட்டாயம். அந்தக் குழிய மட்டும் வீட்டோரத்துல வைக்காம தள்ளி வைங்க, காரணம் மேலயே சொல்லிட்டேன்.

செப்டிக் டேங்க்குக்கு, கெணறு பக்கத்துல புதுசு வேணாம். உப்புத் தண்ணி தானேன்னு நெனைக்காதீங்க, அந்தத் தண்ணில தான குளிக்கறீங்க பாத்திரம் கழுவறீங்க. கழிவுத் தண்ணி எறங்கற உறை கெணறோ சோக் பிட்டோ தண்ணிக் கெணத்துல இருந்து அம்பது அறுபது அடி தள்ளி இருக்கணும், உங்க பின் எடத்துல அது அமையாது. பழையதுலயே சேருங்க, ஆனா வானம் தோண்டறதுக்கு முன்னாடியே டியூப் லெவல் (தண்ணி நெறச்ச டியூப்ல மட்டம் பாக்கறது) பிடிச்சுப் பாத்துருங்க. நாலிஞ்சு பைப்புக்கு 40 அடிக்கு ஒரு அடி எறக்கம் வேணும், 60 அடின்னா ஒன்றரை அடி. டேங்க்ல பைப் நுழையற மட்டத்த விட பாத்ரூமுல இருந்து பைப் கெளம்பற மட்டம் ஒன்றரை அடி மேல இருக்கணும். இப்ப பின் எடம் முன்ன விட பள்ளமா இருந்துச்சுன்னா பேஸ்மட்டத்த ஏத்தணும், ஏத்துனா படி வரும், படி வந்தா அம்மாவுக்கு முட்டி. அப்ப சாய்வுப் பாதை போடணும், ஒரு அடி ஏற பன்னெண்டு அடி நீளம், அதுக்கும் எடத்த இப்பவே பிளான்ல ஒதுக்குங்க. இது எல்லாம் ஒண்ணுல ஒண்ணு தொங்குது, அதான் பேப்பர்ல போடறப்பவே டேங்க்ல இருந்து ஆரம்பிங்கன்னு சொல்றது. பைப் திரும்பற ஒவ்வொரு எடத்துலயும் ஒரு சேம்பர் கட்டிருங்க, அடைப்பு வந்தா எங்கன்னு தேட வேண்டியிருக்காது.

தண்ணிக்கு, பின் வீட்டு மேல தனி டேங்க் வைக்காதீங்க, ஒத்தத் தட்டு உயரத்துல ஹீட்டருக்கு பிரஷரே வராது. முன் வீட்டு மாடி டேங்க்ல இருந்து தனி லைன் எறக்கி நடுவுல ஒரு வால்வு போட்டுருங்க.

மதுரை மீனா:

ஜெயிக்கறதுல என்ன இருக்கு தம்பி, அம்மா காப்பி போட்டா சரி.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், கேக்க சங்கடமா இருந்தாலும் யோசிச்சு வைங்க. நாளைக்கு அந்த வீட்டுல அவங்க ரெண்டு பேருல ஒருத்தரு தான் இருப்பாங்க, அதுக்கப்புறம் அது வாடகைக்கு விடற வீடாவும் ஆகலாம். அதனால முன் வீட்டு ஹாலுக்குள்ள போகாம சைடு வழியாவே தெருவுக்கு வர்ற மாதிரி நாலடிப் பாதை இப்பவே விட்டுருங்க. இப்போதைக்கு அது ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சர் வர்றதுக்கு ஆகும். எங்க வீட்டுல அந்தப் பாதைல தான் பைக்க நிறுத்தி வச்சிருக்கோம், மாமனாரு தெனமும் கத்துறாரு.

பத்திர ஆபீஸ் பக்கத்து கடை:

கிரயம் வாங்குனதுன்னா நல்லது. அந்த மூலப் பத்திரமும் பட்டாவும் அப்பா பேர்ல சரியா இருக்கான்னு இப்பவே பாத்துருங்க. பழைய மனை பல எடத்துல பத்திரத்துல ஒரு அளவு, பட்டால ஒரு அளவுன்னு இருக்கும், பிளானுக்கு ஏத்தறப்ப அங்க தான் நிக்கும். வில்லங்கம் ஆன்லைன்லயே போட்டுப் பாக்கலாம்.

வைப்பாற்றுக்காரன்:

பட்டால 10.5 சென்ட் தான் இருக்கு அண்ணே. இப்ப தான் எடுத்துப் பாத்தேன். இது பெரிய வேலையா?

பத்திர ஆபீஸ் பக்கத்து கடை:

அர சென்ட் தான, பயப்படாதீங்க. தாலுகா ஆபீஸ்ல சர்வேயருக்கு மனு போட்டு அளந்துருங்க, எல்லையும் அப்பவே தெரிஞ்சிரும். அளந்து பாத்து நெலத்துல 10.5 தான் இருக்குன்னா அதையே வச்சு பிளான் போடுங்க, பத்திரத்துல 11 இருக்குன்னு சண்டைக்குப் போனா வருசம் ஓடிரும்.

கோவில்பட்டி சைட் இன்ஜினியர்:

ஆமா, சர்வே கல்லு நட்டதுக்கு அப்புறம் குழி தோண்டுங்க. ஆவணிக்குள்ள அஸ்திவாரம் மேல வந்துரணும், ஐப்பசி மழைல கரிசல்ல குழி தொறந்து கெடந்தா பக்கச் சுவரு சரிஞ்சு உள்ள சேறு நிக்கும், மறுபடி மொதல்ல இருந்து. சுக்கான் எத்தன அடில வந்துச்சுன்னு போட்டோவோட இங்க போடுங்க, கம்பி எத்தன எம்.எம்.னு அப்புறம் பேசிக்கலாம்.